லினக்ஸ் மின்டில் மௌஸை மட்டும் வைத்துக்கொண்டு மென்பொருள் போட முடியுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாராம், கடையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகளின் வகுப்புக்கு ஸூம் வேண்டும், வீடியோ பார்க்க விஎல்சி வேண்டும், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்களையும் திறக்க வேண்டும். வலையில் தேடினால் எல்லோரும் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத்தான் சொல்கிறார்கள், எனக்கு அது பயம், வேறு வழி இல்லையா என்பது அவரது கேள்வி.

இருக்கிறது அக்கா. நீங்கள் கேட்ட மூன்றையும் மௌஸாலேயே முடிக்கலாம். கட்டளையாக எழுதிக் கொடுப்பது எழுதுகிறவருக்குச் சுலபம், ஒரு வரியில் முடிந்துவிடும், அதனால்தான் எங்கே பார்த்தாலும் அதுவே இருக்கிறது. ஆனால் என்ன செய்கிறது என்று தெரியாத ஒரு வரியை ஒட்டி, அதற்கு உங்கள் கடவுச்சொல்லையும் கொடுப்பது முழுக் கணினியையும் அதன் கையில் ஒப்படைப்பதுதான். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: கடைக்காரர் வைத்த கடவுச்சொல். மென்பொருள் நிறுவப் போனால் மின்ட் பெரும்பாலும் அதைக் கேட்கும். தெரிந்தவுடன் மெனுவில் அக்கவுன்ட் டீடெயில்ஸுக்குப் போய் உங்களுக்குப் பிடித்ததாக மாற்றிவிடுங்கள்.

இனி விண்டோஸ் பழக்கம் ஒன்றை விட வேண்டும். அங்கே ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கூகிளில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, இரண்டு தடவை கிளிக் பண்ணுவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டிய இடம் மெனுவில் உள்ள சொஃப்ட்வெயார் மேனேஜர். விஎல்சி என்று தேடுங்கள், இன்ஸ்டோலை அழுத்துங்கள், கடவுச்சொல்லைக் கொடுங்கள், முடிந்தது. அங்கிருந்து வருவது டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகிறது, அதற்குத் தேவையான மற்றத் துண்டுகளையும் தானே கூட்டி வருகிறது, பிறகு புதிய பதிப்பு வந்தால் அப்டேட் மேனேஜர் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் புதுப்பிக்கிறது. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே நான் யாரிடமும் முதலில் இந்த வழியைத்தான் சொல்வேன்.

சில மென்பொருள்களின் பக்கத்தில் சிஸ்டம் பேக்கேஜ் (மின்டுக்கென்றே தொகுத்தது), ஃப்ளாட்பேக் (எந்த லினக்ஸிலும் ஓடும்படி தொகுத்தது) என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். மின்ட் 22 உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அதனால் சிஸ்டம் பேக்கேஜில் வருவது பெரும்பாலும் அந்த உபுண்டு வெளிவந்த காலத்துப் பதிப்பாக இருக்கும். ஃப்ளாட்பேக்கில் பொதுவாகப் புதியது கிடைக்கும், ஆனால் முதல் தடவை பொதுத் துண்டுகளும் சேர்ந்து இறங்குவதால் சில நூறு எம்பி போய்விடும். விஎல்சிக்கு சிஸ்டம் பேக்கேஜ் தாராளமாகப் போதும். ஃப்ளாட்பேக்தான் வேண்டுமென்றால், உங்கள் இன்டர்நெட் பேக்கேஜில் நைட் டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

ஸூம் கொஞ்சம் வேறு. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள், வேறெங்கிருந்தும் வேண்டாம். தரவிறக்கப் பக்கத்தில் லினக்ஸ், அதில் உபுண்டு, 64 பிட் என்று தெரிவு செய்தால் டெப் என்று முடியும் கோப்பு ஒன்று வரும். ஆர்பிஎம் என்று முடிந்தால் அது ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ்களுக்கு, எக்ஸ்ஈ என்றால் விண்டோஸுக்கு, இரண்டும் உங்களுக்கு உதவாது. டெப் கோப்பை இரண்டு தடவை கிளிக் பண்ணினால் இன்ஸ்டோல் பொத்தானோடு சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும், அவ்வளவுதான். ஆனால் இப்படிப் போட்ட ஸூமை அப்டேட் மேனேஜர் கவனிக்காது. வகுப்பு தொடங்கும் நேரத்தில் பதிப்பு பழசு என்று அது சொல்லி நிற்காமலிருக்க, இடைக்கிடை புதிய டெப்பை எடுத்து மேலேயே போட்டுவிடுங்கள், பழையதை நீக்கத் தேவையில்லை. (கூகிள் குரோமின் டெப் இப்படியில்லை, புதிய பதிப்புகள் வரும் தன் களஞ்சியத்தின் முகவரியையும் அது சேர்த்துவிடும், பிறகு தானாகப் புதுப்பிக்கப்படும்.)

நிறுவும்போது வேறொரு நிரல் பேக்கேஜ்களைக் கையாள்கிறது என்ற மாதிரி ஒரு செய்தி வந்தால் பதற வேண்டாம். பின்னால் அப்டேட் ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான். அது முடியும்வரை பொறுங்கள், பவர் பட்டனை அழுத்தி மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பாதியில் நின்றால் அதைச் சரிசெய்ய அந்தக் கறுப்புத் திரைக்கே போக வேண்டிவரலாம்.

வினாத்தாள்களுக்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. மின்டோடு வரும் லிப்ரேஆபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும், காரணம் பாமினி, எல்லாக் கணினியும் தமிழென்று புரிந்துகொள்ளும் யூனிகோட் முறையில் அமைந்தது அல்ல, அந்த எழுத்துருவே கணினியில் இருக்க வேண்டும். பழைய விண்டோஸ் கணினியின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி கோப்பை யூஎஸ்பியில் கொண்டுவந்து, இரண்டு தடவை கிளிக் பண்ணி இன்ஸ்டோல் கொடுங்கள். பிறகு லிப்ரேஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

போட்ட ஒன்று பிடிக்கவில்லையா? உங்களிடம் இருப்பது சின்னமன் என்ற திரைத் தோற்றத்தோடு வரும் மின்ட் பதிப்பு என்றால் மெனுவில் அதன் பெயர் மேல் வலது கிளிக், அன்இன்ஸ்டோல்.