சொந்தக் கார் இருந்தும் ஏன் கிரீன் புக்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறப் பாகுபாடு நிலவிய காலத்தில் தங்களை ஏற்கும் இடங்களைக் காட்டிய, அமெரிக்கக் கறுப்பினப் பயணிகளுக்கான ‘கிரீன் புக்’ என்ற வழிகாட்டிப் புத்தகம் பற்றி எழுதியிருந்தீர்கள். கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி, பின்னிருக்கை என்பதெல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும்தானே? சொந்தக் கார் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் எதற்கு?

செ., மதுரை

அன்புள்ள செ.,

ரயிலுக்குப் பயந்துதான் பலர் கார் வாங்கினார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கான பெட்டி பெரும்பாலும் எஞ்சினை ஒட்டியே இருக்கும். புகையும் கரியும் அதற்குள்தான் முதலில் வரும். ஆனால் காரில் போனாலும் பெட்ரோல், கழிப்பறை, சாப்பாடு, படுக்கை நான்கும் வேண்டுமே. பெட்ரோலுக்குக் காசை வாங்கிக்கொண்டு கழிப்பறையைத் திறந்துவிட மறுத்த பெட்ரோல் பங்க்குகள் ஏராளம்.

அதனால் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனார்கள். ஷூ டப்பாவில் பொரித்த கோழி, அவித்த முட்டை. போர்வை, கூடுதல் பெட்ரோல். சிறுநீர் கழிக்கக் காலி காபி டப்பா. சிலர் டிரைவர் தொப்பியும் வைத்திருந்தார்கள். போலீஸ் நிறுத்தினால் முதலாளியின் கார் என்று சொல்லித் தப்பலாம். தன் காரிலேயே வேலைக்காரராக நடிக்க வேண்டிய நிலையை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் கிரீன் புக்கின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் நியூயார்க் வட்டாரம் மட்டுமே இருந்தது. பின்னர் மாநிலவாரியாக, ஊர்வாரியாக ஹோட்டல், உணவகம், சலூன், கராஜ் முகவரிகள் சேர்ந்தன. ஹோட்டல் இல்லாத ஊர்களில் ‘டூரிஸ்ட் ஹோம்’ கைகொடுத்தது: கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு விட்ட அறைகள். கறுப்பினத்தவருக்கும் பங்க் நடத்தும் உரிமை கொடுத்த எஸ்ஸோ பெட்ரோல் நிறுவனம் தன் பங்க்குகளில் இந்தப் புத்தகத்தை விநியோகித்தது.

புத்தகம் கையில் இருந்தாலும் இரவு தங்கும் ஊரை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இருட்டிய பிறகு கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, வடக்கே இல்லினாய், இந்தியானா மாநிலங்களிலும் நிறைய இருந்தன. நடுவழியில் ஒரு டயர் வெடித்தால் போதும், கணக்கு முழுவதும் குலைந்துவிடும். போய்ச் சேர்ந்த ஊரில் இருக்கும் ஒரே டூரிஸ்ட் ஹோமும் நிரம்பியிருந்தால் காரிலேயே முடங்க வேண்டும், இல்லையென்றால் தூக்கக் கலக்கத்தோடு விடியும்வரை ஓட்ட வேண்டும்.

பாகுபாட்டுக்கு எதிரான உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இவர்களுக்கு உதவவில்லையா என்றால், 1946-இன் மார்கன் தீர்ப்பு மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களுக்கானது. 1960-இன் பாய்ண்டன் தீர்ப்பு பஸ் நிலைய உணவகங்கள்வரை வந்தது. சாலையோர மோட்டலை இரண்டுமே தொடவில்லை. அதைத் தொட்டது ஹோட்டல், மோட்டல்களிலும் பாகுபாட்டைத் தடைசெய்து 1964 ஜூலை 2-இல் கையெழுத்தான சிவில் உரிமைச் சட்டம். ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போய், அந்த டிசம்பரிலேயே தோற்றது. கிரீன் புக்கின் கடைசிப் பதிப்பு 1966–67-க்கானது.