தம்பியின் 35 புள்ளியும் அப்பாவின் காலில் ஏறிய முள்ளும்

அன்புள்ள ஐயா,

நான் படித்தது வணிகம். இப்போது தம்பிக்காக விஞ்ஞானப் புத்தகத்தோடு குந்தியிருக்கிறேன். அவன் இந்த முறை ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறான். உயிரியல் பகுதிதான் பயம்: பரம்பரை, புலனங்கங்கள், நரம்பு, நோய்கள். பத்து வருடத்துப் பாஸ்ட் பேப்பர் செய்து முடித்துவிட்டான். செய்த பேப்பரையே திரும்பக் கொடுத்தால் 40க்கு 35, 36 எடுக்கிறான். பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையில் 21. இன்னும் எத்தனை பேப்பர் செய்விக்க வேண்டும்? நல்ல பயிற்சிப் புத்தகம் ஏதும் இருக்கிறதா?

இன்னொன்று. அப்பாவுக்குச் சலரோகம் (நீரிழிவு). போன மாதம் வேலிக்கரையில் இலந்தை முள் காலில் ஏறி, இரண்டு நாளாக அவருக்கே தெரியவில்லை. அம்மா பாயில் இரத்தக் கறையைக் கண்டுதான் பார்த்தா. அதற்குப் பிறகு தம்பி, "பரம்பரை நோய் என்றால் எனக்கும் வர நாலில் ஒரு சான்ஸா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன சொல்வது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வடமராட்சி

அன்புள்ள தங்கச்சி,

பேப்பர் இனி வேண்டாம். பத்து வருடப் பேப்பர் தாராளம், அதில் பாதியே போதும். தம்பி எடுக்கிற 35, விஞ்ஞானத்துக்குக் கிடைத்த புள்ளி இல்லை, ஞாபகத்துக்குக் கிடைத்தது. 'சூடான தாச்சியைத் தொட்ட ஒருவர்' என்று கேள்வி தொடங்கும்போதே விடை மூன்று என்று அவனுக்குத் தெரியும். மூளைக்குப் போகாமலே பேனை புள்ளடி போட்டுவிடுகிறது. அதுவும் ஒரு தெறிவினைதான், மூளை முடிவெடுக்காமலே உடம்பு செய்கிற வேலை. (இல்லை, விஞ்ஞானப்படி பிழை. பழக்கத்துக்கு மூளை வேண்டும். பகிடிக்குச் சொல்கிறேன், தம்பி இதைப் பரீட்சையில் எழுதிவிடப் போகிறான்.)

நான் இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஒரு நாளைக்கு நாலு கேள்வி, அவ்வளவுதான் என் வைத்தியம். சரியான விடையை அவனுக்கு முதலே சொல்லிவிடுங்கள். மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதட்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை: கேள்வியில் எதை மாற்றினால் அந்தப் பிழையான விடை சரியாகும்? இதற்குக் கொப்பியில் அரைப் பக்கம் போகும். முதல் நாள் அழுவான். பரவாயில்லை.

அந்தத் தாச்சிக் கேள்வியையே எடுப்போம்: சூடு பட்டதும் கை தானாக இழுபடுகிறதே, அதற்கான செய்தி எந்த வழியால் போகிறது? சரியான விடை உங்களுக்கும் இப்போது பாடமாயிருக்கும்: தோலிலுள்ள, சூட்டை உணர்கிற வாங்கி, புலன் நரம்பு, முண்ணான் (முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு), இயக்க நரம்பு, கையின் தசை. பிழையான விடைகளில் ஒன்றில் முண்ணானுக்குப் பதிலாக மூளை இருக்கும். சரி, எந்தச் சந்தர்ப்பத்தில் அந்த விடை சரியாகும்?

ஒரு 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுங்கள். நீங்கள் மேல்நுனியில் பிடியுங்கள். தம்பி கீழே, பூச்சியம் உள்ள இடத்தில், பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள். அவன் பிடித்த இடம் 15 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 0.175 செக்கன், 20 என்றால் 0.2 செக்கன். இது தெறிவினையா என்று கேளுங்கள். வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் "ஓம் சேர்" என்பார்கள், ஏனென்றால் வேகமாக நடந்தது. ஆனால் கண் கண்டு, மூளை 'பிடி' என்று முடிவெடுத்து, முண்ணான் வழியாக விரலுக்குச் சொன்ன வேலை அது. வேண்டுமென்றால் பிடிக்காமலும் விட்டிருக்கலாம். தாச்சியில் பட்ட கைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கை வந்த பிறகுதான் "ஆ" வரும்.

இப்போது அப்பாவின் காலுக்கு வருவோம். இதைப் பாடமாக்குகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். அப்பாவின் கால் பற்றிச் சொல்ல வேறு விஷயமும் இருக்கிறது, அது கீழே.

முள் ஏறியது, கால் இழுபடவில்லை, நோவும் இல்லை. அந்த ஐந்து கண்ணிச் சங்கிலியில் எது அறுந்தது? தசை இல்லை, அவர் நடக்கிறார். இயக்க நரம்பும் இல்லை, "காலைத் தூக்குங்கோ" என்றால் தூக்குகிறார். முண்ணானும் மூளையும் தங்கள் பாட்டில் இருக்கின்றன. மிஞ்சுவது புலன் நரம்பு, அதன் நுனியிலுள்ள வாங்கியோடு. குருதியில் நெடுநாள் சீனி கூடியிருந்தால் நரம்பும், நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற மயிர்த்துளைக்குழாய்களும் பழுதாகும். மிக நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். உடம்பிலேயே நீளமானவை முண்ணானிலிருந்து கால்விரல் வரை போகிறவை. அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. கிளினிக்கில் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிருதா?" என்று கேட்பது இதற்குத்தான். அதே நோய் விழித்திரையின் நுண்ணிய குழாய்களையும் பிடிக்கும். ஆகவே நரம்பு, புலன், நோய், பரம்பரை என்று தம்பி தனித்தனிக் கொப்பியில் வைத்திருக்கிற நாலு பாடமும் உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரே சாய்மனைக் கதிரையில் இருக்கின்றன. தவணைப் பரீட்சையில் அவன் விழுந்த கேள்விகள் எவை என்று பாருங்கள். இரண்டு பாடம் கலந்த கேள்விகளாய்த்தான் இருக்கும்.

கண்ணுக்கு ஒரு சின்ன வேலை. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவை, அதற்கு வலப்பக்கம் 8 சென்ரிமீற்றர் தள்ளி மிளகளவு கறுப்புப் பொட்டு. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வலக்கண்ணால் சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவர, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் பொட்டு காணாமல் போகும். 1660களில் மாரியொட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதி இது. பார்வை நரம்பு வெளியேறும் அந்தக் குருட்டிடத்தில் ஒளியை உணர்கிற கோற்கலமும் இல்லை, கூம்புக்கலமும் இல்லை. இதுவரை புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத கேள்வி: பொட்டு மறைந்த இடத்தில் ஏன் கறுப்பு ஓட்டை தெரியவில்லை, ஏன் வெள்ளைத் தாளாகவே தெரிகிறது? கண் காணாததை மூளை தன்பாட்டில் நிரப்பிக்கொள்கிறது என்று தம்பி தானாகச் சொன்னால் அவனுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள், கணக்கை என்னில் எழுதுங்கள்.

நாக்குக்கு வந்தால், நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று ஒரு வரைபடம் பழைய புத்தகங்களில் இருக்கும். ரியூசன் கொப்பிகளில் இன்னும் உலாவுகிறது. பாவற்காய்ச் சாற்றில் ஒரு துளியை நாக்கு நுனியில் விட்டுப் பார்த்தால் அந்தப் படத்தின் லட்சணம் தெரியும். இங்கே நான் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி வேறு: எங்கள் அறுசுவையில் உறைப்பு இருக்கிறது, விஞ்ஞானப் புத்தகத்தின் சுவைப் பட்டியலில் ஏன் இல்லை? மிளகாயின் காரப்பொருள் தட்டி எழுப்புவது சுவையரும்பை இல்லை, சூட்டையும் நோவையும் அறிகிற வாங்கியை. டேவிட் ஜூலியஸ் அந்த வாங்கியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2021 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாய் அரைத்த கை ஏன் எரிகிறது, கையில் சுவையரும்பு இல்லையே என்று அம்மாவிடம் கேட்டாலே விடை பாதி வந்துவிடும்.

பரம்பரையில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். வகுப்பில், நாக்கைக் குழாய் மாதிரிச் சுருட்டக்கூடியது ஆட்சியான இயல்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது), முடியாதது பின்னிடைவானது (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்று படிப்பித்து, "வீட்டில் அம்மா அப்பாவைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கோ" என்று அனுப்பினேன். அடுத்தநாள் ஒரு பிள்ளையின் கொப்பியில் அம்மாவாலும் முடியாது, அப்பாவாலும் முடியாது, அவளால் முடியும். பெற்றோரிடமிருந்து வரக்கூடியவற்றைச் சேர்த்துக் கட்டம் போட்டுப் பார்த்தால் அப்படி வரவே கூடாது. பின்வாங்கில் ஒருவன் சிரித்தான். என்ன நினைத்துச் சிரித்தான் என்று வகுப்புக்கே விளங்கியது. நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "பிழையாய்ப் பார்த்திருப்பாய்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் தாய் வந்து கந்தோர் வாசலில் நின்றா.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த இயல்பு இப்படிக் கடத்தப்படுகிறது என்று 1940 இல் எழுதியவர் ஸ்ரேட்டவன்ற் என்ற பெரிய பிறப்புரிமையியலாளர். 1952 இல் ஒருவர் 33 சோடி ஒத்த இரட்டையரைப் பார்க்க, 7 சோடியில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. ஸ்ரேட்டவன்றே பிறகு தன் கருத்தைக் கைவிட்டுவிட்டார். நான் கைவிட முப்பது வருடம் சுணங்கிவிட்டது. காதுச்சோணை ஒட்டியிருப்பதும் தொங்குவதும் இதே கதைதான். பரீட்சையில் கேட்டால் கேட்டபடி எழுதட்டும், புள்ளி முக்கியம். ஆனால் அதை வைத்து வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம்.

பயிற்சிக்கு இரண்டு நாணயம் போதும். ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் ஒட்டுப்பொட்டு ஒட்டுங்கள், அதுதான் நோய்க்குரிய எதிருரு, அதாவது பரம்பரை அலகின் ஒரு வடிவம். ஒரு நாணயம் அம்மா, மற்றது அப்பா, இரண்டு பேரும் தலசீமியா என்ற இரத்தநோயின் காவிகள், அதாவது அந்த எதிருரு ஒன்று மட்டும் இருந்து நோய் வராதவர்கள். நாற்பது தரம் சுண்டி, இரண்டிலும் பொட்டு வந்ததை எண்ணட்டும். பத்து வர வேண்டும். ஏழு வரும், பதின்மூன்று வரும். மெண்டலுக்கே சரியாக 3:1 வரவில்லை. அவர் எண்ணிய 7324 பட்டாணி விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை, அதாவது 2.96:1. அப்படியானால் நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு நோய் நிச்சயமா? இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. நாலு பேரும் நோயில்லாமல் பிறக்கும் வாய்ப்பு 256 இல் 81, ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

தெம்பிருந்தால் இதையும் செய்யட்டும்: ஒரு தாத்தாவிடம் ஒரேயொரு பின்னிடைவான எதிருரு. அவருடைய மகனின் மகனும் மகளின் மகளும், அதாவது மச்சானும் மச்சாளும், கலியாணம் செய்கிறார்கள். ஒருவருக்கு அப்பப்பா, மற்றவருக்கு அம்மப்பா. அந்த எதிருரு ஒவ்வொரு பேரப்பிள்ளையிடமும் இருக்கும் வாய்ப்பு 4 இல் 1, இருவரிடமும் இருக்க 16 இல் 1, அவர்கள் பெறும் பிள்ளைக்கு நோய் வர 64 இல் 1. வேறு யாரும் அதைக் கொண்டுவரவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் தம்பியின் கேள்வி. அப்பாவின் சலரோகத்துக்கு நாலில் ஒன்று என்ற இந்தக் கட்டம் பொருந்தாது. கட்டம் ஒற்றைப் பரம்பரை அலகால் வருகிற நோய்களுக்கு. நடுவயதில் வருகிற இரண்டாம் வகைச் சலரோகத்தில் பல பரம்பரை அலகுகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைவைக்கின்றன. அதற்கு மேல் சாப்பாடு, வயிற்றுச் சுற்றளவு, நடை. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கூட என்பது உண்மை. அதற்காக அது சாதகக் குறிப்பும் இல்லை. அவனிடம் ஒளிக்காமல் இதை இப்படியே சொல்லுங்கள். ரியூசனுக்குச் சைக்கிளில் போகிறான் என்றால் மோட்டார்சைக்கிள் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நோய்ப் பாடத்துக்கு அதிகம் மினக்கெட வேண்டாம், ஒரு கேள்வி போதும். மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அப்படியென்றால் மலேரியா நுளம்பு ஒழிந்துவிட்டதா? மாரி மழைக்குப் பிறகு டெங்கு மட்டும் ஏன் வருகிறது? நுளம்பையும் நோய்க்கிருமியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முழுப் பாடமும் வந்துவிடும்.

யூரியூப்பில் தமிழ்நாட்டு வீடியோ பார்ப்பவன் என்றால் ஒன்று கவனம். அவர்களுடைய செல் எங்களுக்குக் கலம், குரோமோசோம் நிறமூர்த்தம், தண்டுவடம் முண்ணான், அனிச்சைச் செயல் தெறிவினை, சிறுமூளை மூளி. ஓங்கு, ஒடுங்கு என்பதைத்தான் நாங்கள் ஆட்சி, பின்னிடைவு என்கிறோம். விளக்கம் நல்லாயிருந்தால் பார்க்கட்டும், கொப்பியில் எங்கள் சொல்லை எழுதட்டும். சொல் தெரியாமல் இழந்த புள்ளியை விஞ்ஞானம் தெரியாமல் இழந்ததாக நினைத்துப் பிள்ளைகள் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

கீழே சொல்கிறேன் என்ற விஷயம் இதுதான். அப்பாவின் உள்ளங்காலை ஒவ்வொரு இரவும் யாராவது ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், விரல் இடுக்குகளையும். வெறுங்காலோடு வளவுக்குள் இறங்க விடாதீர்கள். முள் ஏறிய இடம் இன்னும் காயவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மூடிவிட்டு முதலில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்கிற வேலையைத் தம்பியிடமே கொடுக்கலாம்.

அடிமட்டத்தை எத்தனை சென்ரிமீற்றரில் பிடித்தான் என்று எழுதச் சொல்லுங்கள். பத்துத் தரம் செய்து சராசரி எடுக்க வேண்டும். எனக்கு 24 வருகிறது.

அன்புடன்.