மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

கடலைப் பார்க்க மட்டும் என்றால் கடற்கரையே போதும், டிக்கெட் வாங்கி மூச்சு வாங்க ஏற வேண்டாம். பக்கத்துப் பாறை உச்சியில் பல்லவர் கால ஒழக்கனேஸ்வரர் கோயில் இருக்கிறதே, அதுதான் இங்கே முதல் கலங்கரை விளக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதன் தலையில்தான் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். கோயில் என்று யோசித்திருப்பார்களா, சந்தேகம்தான்! இப்போதுள்ள வட்டமான கல் கோபுரத்தில் 1904இல் விளக்கு எரியத் தொடங்கியது.

உள்ளே குறுகலான வளைபடிகள். கைக்குழந்தையோடு ஏறுவது சிரமம். மேலே போனால் அந்தக் கோயில் காலடியில் தெரியும், கிழக்கே கடற்கரைக் கோயில் கையளவுக்குச் சிறுத்திருக்கும். கல் சூடேறிவிடும், அதனால் மதியம் வேண்டாம். இறங்கியதும் ஒழக்கனேஸ்வரருக்கு நேர் கீழே உள்ள மகிஷாசுரமர்த்தினி குகையைத் தவறவிடாதீர்கள்.