போன் கவர் விளம்பரத்துல கம்பெனி பேர் போடலாமா?

கேள்வி: சார், ஈரோட்டுல மொபைல் கடை வெச்சிருக்கேன். பேக் கவர், டெம்பர்டு கிளாஸ், சார்ஜர் எல்லாம் என் சொந்த பிராண்டு பேர்ல பேக் பண்ணி இன்ஸ்டாகிராம்லயும் விக்கிறேன். 'ஐபோன் கவர்'னு விளம்பரம் போட்டா ஆப்பிள்காரங்க கேஸ் போட்டுருவாங்கன்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றார். பேரே போடாம எந்த போனுக்குன்னு எப்படி சார் சொல்றது?
- வாசகர், ஈரோடு

பதில்: பேர் போடலாம், பயப்படாதீங்க. 1999 டிரேட்மார்க் சட்டம் 30வது பிரிவுலயே இதுக்கு வழி இருக்கு. ஆக்சஸரி எதுக்குப் பொருந்தும்னு சொல்ல அந்த பிராண்டு பேர் நியாயமா தேவைப்பட்டா யூஸ் பண்ணிக்கலாம், ஆனா அந்த கம்பெனிக்கும் உங்களுக்கும் ஏதோ தொடர்பு இருக்குன்னு வாங்குறவங்க நினைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. கேமரா ஓட்டை மாடலுக்கு மாடல் மாறுது, 'ஐபோன் 15க்கு பொருந்தும்'னு சொல்லாம அந்த கவரை எப்படி விப்பீங்க? அதனால கவர் விஷயத்துல நியாயம் உங்க பக்கம்தான்.

சார்ஜர்தான் எனக்கு கவலை. ஹாக்கின்ஸ் கேஸ் ஒண்ணு இருக்கு, கண்டிப்பா தெரிஞ்சுக்கோங்க. மயூர்ங்கிற பேர்ல குக்கர் கேஸ்கட் வித்த ஒரு நிறுவனம் பாக்கெட்டுல 'ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கருக்கு பொருந்தும்'னு இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க, அந்த வரியில மத்ததெல்லாம் கருப்பு, ஹாக்கின்ஸ் மட்டும் சிவப்பு. முதல்ல தனி நீதிபதி ஹாக்கின்ஸோட வழக்கை தள்ளுபடி பண்ணிட்டார், ஆனா அப்பீல்ல 2012ல டெல்லி ஹைகோர்ட் ஹாக்கின்ஸ் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அந்த கேஸ்கட் மத்த கம்பெனி குக்கருக்கும் பொருந்துறப்ப ஒரு பேரை மட்டும் எடுத்துப் போட வேண்டிய தேவை என்னன்னு கேட்டாங்க, சிவப்புல தூக்கிக் காட்டுனதும் அவங்களுக்கு எதிராப் போச்சு. உங்க டைப்-சி சார்ஜரும் அதே மாதிரிதான், பல கம்பெனி போனுக்கும் போகும், அதுல 'ஐபோன் சார்ஜர்'னு மட்டும் போட்டா மாட்டிக்குவீங்க. 'டைப்-சி சார்ஜர்'னே போடுங்க, போதும்.

கவருக்கு முதல்ல உங்க பிராண்டு பேர் பெருசா, கீழ 'ஐபோன் 15க்கு பொருந்தும்'னு ஒரே கலர்ல ஒரே சைஸ்ல, அதுக்கும் கீழ 'ஆப்பிள் தயாரிப்பு அல்ல'ன்னு படிக்கிற அளவுக்கு ஒரு வரி. 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தையே வேண்டாம். கடிச்ச ஆப்பிள் லோகோவும் வேண்டாம், மாடலைச் சொல்ல பேரே போதும்ங்கிறப்ப லோகோவுக்கு என்ன காரணம் சொல்லுவீங்க?

லோகோ அச்சடிச்ச கவரை மொத்த வியாபாரி எவ்ளோ கம்மி விலைக்கு குடுத்தாலும் தயவுசெஞ்சு வாங்காதீங்க. அது பொருந்தும் பொருந்தாதுங்கிற பேச்சே இல்ல, போலி. 103, 104 பிரிவுல கிரிமினல் கேஸ், 6 மாசத்துலருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 50,000லருந்து 2 லட்சம் வரைக்கும். வித்தவருக்கும் சேத்துதான், செஞ்சவருக்கு மட்டும் இல்ல.

நோட்டீஸ் ஏதும் வந்தா பதறிப்போய் அவங்க அனுப்புற பேப்பர்ல கையெழுத்து போட்றாதீங்க, பாக்கெட்டையும் விளம்பரத்தையும் அப்படியே எடுத்துட்டு டிரேட்மார்க் பாக்குற வக்கீல்கிட்ட போங்க.