குகைக்குள்ள எலும்பு கிடந்தா அங்க ஆதிமனிசர் குடியிருந்தவை எண்டு அர்த்தமோ?

இல்லை, உடன அப்பிடி முடிவெடுக்க ஏலாது. தென்னாபிரிக்காவில சுவார்ட்கிரான்ஸ் குகையில எடுத்த ஒரு ஆதிமனிச இளம்பிள்ளையின்ர மண்டையோட்டில ரெண்டு ஓட்டை கிடந்தது, பிரெய்ன் எண்ட ஆய்வாளர் சிறுத்தையின்ர கீழ்த்தாடைக் கோரைப்பல்லை வச்சுப் பார்க்க அச்சொட்டாப் பொருந்திச்சு. அப்ப அந்தப் பிள்ளை குகையில குடியிருக்கேல்லை, சிறுத்தைக்குச் சாப்பாடாப் போயிருக்கு, பாவம்.

எலும்பில மனிசர் கைவச்சதோ மிருகம் கடிச்சதோ எண்டு தழும்பைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. வீட்டில ஆட்டெலும்பைக் கத்தியால வெட்டினதையும் நாய் சப்பினதையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. கத்தி பட்ட இடம் ஒடுங்கின கோடு, பல்லுப் பட்டது குழிகுழியா, எலி கரண்டினா சமாந்தரமாக் கீறுகள். ஆய்வாளர்கள் மைக்ரோஸ்கோப்பிலயும் இதைத்தான் தேடுகினம்.

எங்கட இலங்கையில களுத்துறைப் பக்கம் பாகியன் குகையில குரங்கு, அணில் எலும்புகளில வெட்டுத்தழும்பும் எரிஞ்ச தடமும் கிடக்கு, 45,000 வருஷம் பழசு, அதோட எலும்பில செய்த ஆயுதங்களும் இருக்கிறபடியா அங்க ஆக்கள் வேட்டையாடிச் சாப்பிட்டவை எண்டு துணிஞ்சு சொல்லலாம்.

ஈராக்கில ஷானிதார் குகைக் கதை வேற. நியண்டர்தால் எண்ட ஆதிமனிச இனத்தின்ர எலும்புக்கூட்டைச் சுத்திப் பூந்தாது கிடந்ததால பூப்போட்டுப் புதைச்சவை எண்டிச்சினம், பிறகு அது வளை தோண்டுற எலியோ தேனீயோ கொண்டுவந்ததா இருக்கலாம் எண்டு வேற ஆக்கள் மறுத்தவை. நானும் அந்தப் பூக்கதையை லேசில நம்பமாட்டன்.