நாய் மலமும் இஸ்திரிப் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

பெண் வேடத்தில் நடித்த டிவைன் பெரிய நடிகர் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய ‘பிங்க் பிளமிங்கோஸ்’ படத்தைப் பார்த்தேன். கடைசியில் டிவைன் நாய் மலத்தை எடுத்து வாயில் போடும் இடத்தில் அணைத்துவிட்டேன். அதிர்ச்சிக்காக எதையும் செய்கிற ஒருவரை நடிகர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

அணைத்ததில் தப்பே இல்லை. குமட்ட வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியையே எடுத்தார்கள். 1972-இல் சுமார் 12,000 டாலரில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த படம். நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சிகளாக ஓடி, வாய்ப்பேச்சிலேயே பரவியது.

அந்த ஒரு நிமிடம் ஒரு நடிகரின் மொத்த உழைப்பையும் மறைத்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம். டிவைனின் நிஜப்பெயர் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட்; 1945-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர், சிகையலங்காரம் செய்து பிழைத்தவர். இந்தப் படங்களை எடுத்த இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் அவருடைய பதின்வயதுத் தோழர்; டிவைன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். படப்பிடிப்பு இல்லாதபோது டிவைன் ஆண் உடையில்தான் இருப்பார். பெண் வேடம் அவருக்குத் தொழில்.

‘பீமேல் டிரபிள்’ (1974) படத்தில் டான் டேவன்போர்ட் என்ற பெண்ணும் அவர்தான், அவளைக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைகழுவும் ஏர்ல் பீட்டர்சனும் அவர்தான். அதே படத்தில் பெண் வேடத்தோடு ஓர் ஆற்றை நிஜமாகவே நீந்திக் கடந்தார்.

ஆனால் என்னை உலுக்கியது 1988-இல் வந்த ‘ஹேர்ஸ்ப்ரே’. 1962-ஆம் ஆண்டின் பால்டிமோர். ஊரார் துணிக்கு வீட்டில் இஸ்திரி போட்டுக் கொடுக்கும் எட்னா என்ற அம்மாவாக வருகிறார். கையில் இஸ்திரிப் பெட்டி, சாயம் போன வீட்டு உடை, மகள் டான்ஸ் டான்ஸ் என்று அலைகிறாளே என்ற சலிப்பு. அதே மகள் டிவியில் வந்ததும் அந்த முகத்தில் பெருமை ஏறுவதைக் கவனியுங்கள். ஓர் ஆண் நடிக்கிறார் என்பதே மறந்துபோகும். கறுப்பர்களை உள்ளே விட மறுக்கும் டிவி நிலைய முதலாளியும் அவரேதான். இரண்டையும் ஒருவர்தான் செய்தார் என்று சொன்னால்தான் தெரியும்.

படம் வந்து பத்து நாளில், மார்ச் 7 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். இதயம் வீங்கியிருந்தது. வயது 42. மறுநாள் ஒரு டிவி தொடரில் ஆண் வேடத்தில் நடிக்க வேண்டியிருந்தது. அவர் வெகுநாள் ஆசைப்பட்ட மாதிரி வேடம்.

சரி, ‘ஹேர்ஸ்ப்ரே’யைப் பாருங்கள், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். 2007-இல் ஜான் டிரவோல்டா எட்னாவாக நடித்து வந்தது வேறு, 1988 படத்தைத் தேடிப் பிடியுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.