பதில்: கிரீன் கார்டில் இருக்கும் அப்பாவுக்கு ஜூரி சம்மன்

வணக்கம். நியூ ஜெர்சியில் உங்களோடு இருக்கும் அப்பாவுக்கு (68 வயது, கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசி) ஜூரியில், அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது, குடிமகன் இல்லையே, கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் குடிமக்கள்தான் ஜூரியில் உட்கார முடியும் என்பது சரி. ஆனால் அவர் குடிமகன் இல்லை என்று நீதிமன்றத்துக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். பதிலே இல்லாவிட்டால் அபராதம் வரை போகலாம். அந்த மாநிலம் வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுக்கிறது, அப்படித்தான் வந்திருக்கும்.

சம்மனில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து ஆன்லைனில் தகுதிக் கேள்விகளுக்குப் பதில் கொடுங்கள். ‘அமெரிக்கக் குடிமகனா?’ என்ற இடத்தில் ‘இல்லை’. இந்த ஒரு கட்டத்தில் மிகவும் கவனம் தேவை. நிரந்தரவாசிதானே என்று ‘ஆம்’ போட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பதிவாகி கிரீன் கார்டுக்கே ஆபத்து வரலாம். முட்டிவலி என்றெல்லாம் எழுத வேண்டாம். மருத்துவச் சான்று கேட்பார்கள். வயதைக் காட்டி விலக்குக் கேட்க 75 ஆகியிருக்க வேண்டும். விலக்கு உறுதியானதும் அதை அச்சடித்துப் பத்திரப்படுத்துங்கள்.

கையோடு மாநில வாக்காளர் தளத்தில் அப்பா பெயரையும் தேடிப் பாருங்கள். உரிமம் எடுக்கும்போது தவறுதலாக வாக்காளராகப் பதிவாகியிருந்தால், எதையும் தொடாமல் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

‘ஜூரிக்கு வரவில்லை, பணம் கட்டு, இல்லாவிட்டால் கைது’ என்று போன் வந்தால் அது மோசடி. வைத்துவிடுங்கள்.